மாமியின் தோணிக்காரர்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சாரனை மாற்றிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் விழுந்த நேரம், லண்டனில் இருக்கும் மகளிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மகள் அனுப்புவதெல்லாம் பேரப்பிள்ளை சோற்றுக் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருக்கும் படங்களாகத்தான் இருக்கும். இது வேறு. ஒரு நூதனசாலையின் சுவர். சுவரில் தங்க நிறச் சட்டத்துக்குள் ஓர் ஆறு, ஆற்றுக்கு மேல் மறையப்போகும் சூரியன். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய நீர்வர்ண ஓவியம் என்று பக்கத்தில் சின்ன அட்டையில் எழுதியிருந்ததாம். கூடவே குரல் பதிவும் வந்தது. "வாப்பா, பாருங்க, நம்மட வீட்டுப் படம் மாதிரியே இரிக்கி. தோணிக்காரரத்தான் காணல்ல."

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கரையோரமெல்லாம் தேடினேன். இரண்டு மாடு நின்றது. மரத்தடியில் ஏதோ குடிசை போல ஒன்று. தோணியும் இல்லை, தோணிக்காரரும் இல்லை. அவர் அங்கே எப்படி இருப்பார் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். ஆனாலும் கைத்தொலைபேசியை வைக்க மனம் வரவில்லை. அந்த மஞ்சளும் செம்மஞ்சளும் பழுப்பேறிய தாளும் கண்ணில் பட்டதும், மீன் குழம்பின் மணம் வந்தது. நூதனசாலை ஓவியத்தைப் பார்த்து மீன் மணக்கும் ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அதற்குக் காரணம் இருக்கிறது. சொல்கிறேன், அவசரமில்லாவிட்டால் கேளுங்கள்.

நாற்பது வருடத்துக்கு முன் நான் கல்முனையில் நீர்ப்பாசன அலுவலகமொன்றில் படவரைஞர். அப்போது கணினி ஏது? குளம், வாய்க்கால், மதகு, வயல் எல்லாவற்றையும் மையால் வரைந்து, அதற்கு மேல் வர்ணம் பூசுவோம். தண்ணீருக்கு நீலம், வயலுக்குப் பச்சை, அணைக்கட்டுக்கு மண்ணிறம். வர்ணக்கட்டியைப் பீங்கான் தட்டில் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, பலகையைச் சற்றே சாய்த்து, மேலிருந்து கீழாக ஒரே ஓட்டத்தில் இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் கறை விழும். தேநீர் வந்தாலும் நிறுத்தக்கூடாது, பெரியவர் கூப்பிட்டாலும் நிறுத்தக்கூடாது. தூரிகையின் நுனி விரிந்தால் வாயில் வைத்துக் கூர்மையாக்கிக்கொள்வது எங்கள் வழக்கம். அதில் என்னென்ன நஞ்சு இருந்ததோ, இன்னும் உயிரோடு இருப்பதால் நான் விசாரிக்கவில்லை. மாலையில் வீட்டுக்குப் போகும்போது உதடு நீலமாக இருக்கும்.

எனக்குக் கலியாணம் பேசி முடிந்த செய்தி அலுவலகத்தில் பரவியபோது எங்கள் பொறியியலாளர் இடமாற்றத்தில் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், அதிகம் பேசமாட்டார். என்னைத் தன் விடுதிக்குக் கூப்பிட்டு, சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றிக் கையில் தந்தார். அவருக்கு முன் அந்த விடுதியில் இருந்தவர் அவருக்குக் கொடுத்ததாம். அதற்கு முன் யாரிடம் இருந்ததோ, யாருக்கும் தெரியாது.

"தம்பி, இதைக் கொண்டுபோம். நீர் கலர் பூசுற ஆள். உமக்குத்தான் இதின்ர அருமை தெரியும்" என்றார்.

ஒரு கை அகலம், ஒன்றரைக் கை நீளம். வெள்ளைக்காரர் காலத்தில் காடு மேடு அளந்து திரிந்த யாரோ ஒருவர் வரைந்தது. மூலையில் பென்சிலால் இரண்டு எழுத்தும் ஓர் ஆண்டும் இருந்தன. ஆண்டு பதினெட்டு என்று தொடங்கும். மீதி இரண்டு இலக்கத்தையும் பூச்சி தின்றிருந்தது. அகன்ற ஆறு. இடது கரையில் தண்ணீருக்குள் வேர்விட்ட கண்ணா மரங்கள். தூரத்தில் மலைக் கோடு, அதன் தோளில் சூரியன். சூரியனிலிருந்து தண்ணீருக்கு மேல் நம்மை நோக்கி ஒரு வெளிச்சப் பாதை. அந்தப் பாதையில் வர்ணமே இல்லை என்பதைக் கண்டபோது படத்தை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பப் பார்த்தேன். வெறும் தாள். சுற்றிவர வர்ணத்தை ஓடவிட்டு, அந்த இடத்தில் மட்டும் கை வைக்காமல் விட்டிருக்கிறார் அந்த மனிதர். நான் நாள் முழுக்கக் குளங்களுக்கு நீலம் பூசுகிறவன். விடுவது எவ்வளவு கஷ்டமென்று எனக்குத் தெரியும். வெளிச்சப் பாதைக்கு ஓரமாக ஒரு தோணி. அதில் நின்றபடி கம்பூன்றும் ஒரு மனிதர். நெல்மணி அளவு. கண் மூக்கு எதுவுமில்லை. ஒரு மண்ணிறப் பொட்டு உடம்பு, இன்னொரு பொட்டுத் தலை.

இப்போது எங்கள் பக்கத்து வழக்கமொன்றைச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் பெண்கள் அழுதுகொண்டு புகுந்த வீட்டுக்குப் போவார்களாம். எங்களிடம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அழக்கூடாது, அவ்வளவுதான் வித்தியாசம். நான் மருதமுனையில் பிறந்தவன். ஒரு பெட்டியும் ஒரு சைக்கிளும் கடதாசியில் சுற்றிய இந்தப் படமுமாகச் சாய்ந்தமருதில் மனைவியின் வீட்டுக்குக் குடிபோனேன். மனைவி கடைசி மகள், ஆகவே உம்மாவின் வீடே அவளுக்குச் சீதனம். மாமா முன்பே மவுத்தாகியிருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், மாமி ஒருவர்.

இரண்டாவது வழக்கம் இதைவிடக் கடினமானது. மாமி மருமகனுக்கு முன்னால் வரமாட்டார், மருமகனோடு நேருக்கு நேர் கதைக்கவும் மாட்டார். கோபமல்ல, மரியாதை. நான் வாசல் கேற்றைத் திறந்தால் மாமி பின்பக்கம் போய்விடுவார். வளையல் சத்தமும் வெற்றிலை மணமும்தான் அவர் அங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி. கலியாணமாகி இரண்டு மாதம்வரை மாமியின் முகத்தை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. கடைத்தெருவில் எதிரில் வந்திருந்தால் ஸலாம் சொல்லாமல் தாண்டிப் போயிருப்பேன்.

மனைவி வீட்டில் இருக்கும்போது இதில் சிக்கலில்லை. "உம்மா கேக்கா, சோறு போடட்டாம்" என்பாள். "போடச் சொல்லு" என்பேன். மூன்று அடி தூரத்திலிருந்து மாமிக்கு எல்லாம் கேட்கும், ஆனாலும் மனைவி திரும்பிச் சொல்லுவாள். சிக்கல் மத்தியானத்தில்தான். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. வீடு வர இரண்டு மணி தாண்டும். நான் பன்னிரண்டரைக்குச் சைக்கிளில் வந்து ஒன்றரைக்குத் திரும்ப வேண்டும். மேசையில் சோறு மூடியிருக்கும். ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் பூப்போட்ட சீலைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் மாமி. இந்தப் பக்கம் நான், மெல்லும் சத்தம்கூடக் கேட்காமல் தின்றுகொண்டு. உப்பில்லாவிட்டால் உப்பில்லாமல் தின்பேன். இன்னொரு துண்டு மீன் வேண்டுமென்றால் அடுத்த நாளுக்கு ஆசைப்பட்டுக்கொள்வேன். சொந்த வீட்டில் விருந்தாளியாக இருப்பது எவ்வளவு களைப்பான வேலை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

படத்தை அந்தத் திரைக்குப் பக்கத்துச் சுவரில்தான் மாட்டியிருந்தேன். வெயில் படாத ஒரே சுவர் அது. அன்று சூரை மீன் ஆணம், குழம்பைத்தான் அப்படிச் சொல்வோம், புளிக்குப் புளி, உறைப்புக்கு உறைப்பு. கடைசித் துண்டைச் சப்பிக்கொண்டிருக்கிறேன், திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தோணியில நிக்கிறவருக்கு இன்னும் மீன் இரிக்கி. வேணுமெண்டாச் சொல்லட்டும்."

சுற்றுமுற்றும் பார்த்தேன். வீட்டில் வேறு யாருமில்லை. தோணியில் நிற்பவர் யார் என்று யோசித்து, கண் சுவருக்குப் போனபோது விளங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"தோணிக்காரர் ஒரு துண்டு கேக்கார். தலைத் துண்டெண்டா நல்லமாம்."

திரைக்குக் கீழால் ஒரு பீங்கான் தட்டு வந்தது. அதில் இரண்டு துண்டு.

மாலையில் மனைவியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. "உம்மாவா? ராத்தாட மாப்பிள்ளையோட பத்து வருசமா ஒரு சொல்லுக் கதைக்கல்ல உம்மா" என்றாள். அக்காவின் மாப்பிள்ளைக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்ததில் அன்று நெஞ்சு நிமிர்ந்தது.

அதிலிருந்து மத்தியானங்கள் மாறிப்போயின. மாமி என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. வழக்கத்தை மீறினார் என்று ஒருவரும் சொல்ல முடியாது. தோணிக்காரரோடுதான் கதைத்தார். முதலில் சோறு, ஆணம் பற்றி. பிறகு மழை பற்றி, வேளாண்மை பற்றி. பிறகு கேலி. என் உதட்டைத் திரையிடுக்கால் பார்த்திருக்கிறார் போலும். "தோணிக்காரர்ர வாயெல்லாம் நீலம். ஆத்தங்கரையில நாவப்பழம் களவெடுத்த ஆள் இவர்தானோ?" என்றார் ஒரு நாள். நான் பின்வளவில் மறைந்து நின்று சிகரெட் குடிப்பேன், மனைவியைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாதென்ற நினைப்பில். "தோணியில அடுப்பெரிக்கிறாங்க போல. ஒவ்வொரு நாளும் பொகை வருது. தோணி பத்திரம்" என்றார். மனைவி ஆறு மாதம் சொல்லியும் விடாத சிகரெட்டை அந்தக் கிழமை விட்டேன். இன்றைக்கும் மாடிப்படி மூச்சிரைக்காமல் ஏறும்போது மாமிக்கு ஒரு துஆச் செய்வேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் படத்தின் முன் நின்று இரண்டு கேள்வி கேட்பார்கள். எந்த ஆறு? இது சுபஹா, மஃரிபா, அதாவது விடியற்காலைத் தொழுகை நேரமா, அந்தித் தொழுகை நேரமா? ஆற்றின் பெயர் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தங்கள் ஊர் ஆறென்றார்கள். நேரத்தில் மட்டும் ஒற்றுமை. எங்கள் கரையில் பிறந்தவர்கள் தண்ணீருக்கு மேல் சூரியனைக் காண்பது விடியலில்தான். பொழுது சாய்வது வயல் பக்கம். ஆகவே "மாஷா அல்லாஹ், நல்ல சுபஹு நேரம்" என்பார்கள். நான் படவரைஞரல்லவா, மலை மேற்கில் இருக்கிறது, நிழல் இந்தப் பக்கம் விழுகிறது, இது அந்தி என்று விளக்கம் சொல்லுவேன். ஒருவரும் ஏற்றுக்கொண்டதில்லை. இதற்கும் மாமிதான் தீர்ப்புச் சொன்னார், வழக்கம்போல் படத்துக்கு. "தோணிக்காரர்ர நிப்பப் பாத்தாத் தெரியுமே. வேலைக்குப் போறவன் இப்பிடி நிக்கமாட்டான். வீட்ட போற களைப்பு. மஃரிபுதான்." நெல்மணி அளவு மனிதரில் களைப்பைக் கண்ட கண் அது. அன்றிலிருந்து எனக்கும் அந்த மனிதர் களைத்தவராகத்தான் தெரிந்தார்.

மாமி சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் களியோடை ஆற்றுக்குப் பாலம் கிடையாதாம், அல்லது பாலம் உடைந்திருந்ததாம், எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. தோணியில்தான் கடக்க வேண்டும். நடு ஆற்றில் தன் ஒற்றை வெள்ளி வளையல் தண்ணீரில் விழுந்து, அழுத அழுகையில் தோணிக்காரர் கம்பை வைத்துவிட்டுக் குதித்துத் தேடிய கதையை மாமி மூன்று தடவை சொல்லியிருக்கிறார். "கெடைச்சதா?" என்று நான் படத்திடம் கேட்டேன். "கெடைக்கல்ல. ஆனா அந்த மனுசன் குதிச்சாரே" என்றார். அந்தக் கதை மனைவிக்குத் தெரியாது, ராத்தாவுக்கும் தெரியாது. பிள்ளைகளிடம் சொல்லாததையெல்லாம் தோணிக்காரரிடம் சொன்னார்.

ஒரு மத்தியானம் அடுத்த வளவுச் சாச்சி, சின்னம்மா முறை, தேங்காய் கேட்டுப் பின்வாசலால் வந்திருக்கிறார். குசினியில் மாமி தனியாக நின்று, திரையைப் பார்த்து, "தோணிக்காரர், இண்டைக்கு வெள்ளம் எப்பிடி?" என்று கேட்பது காதில் விழுந்திருக்கிறது. அன்று வாய்க்காலில் வெள்ளம், அதைப் பற்றி என்னிடம்தான் கேட்டார். நான் வாய் நிறையச் சோற்றோடு இருந்ததால் உடனே பதில் சொல்லவில்லை. சாச்சி தேங்காய்கூட வாங்காமல் திரும்பிப் போய்விட்டார். ஒரு கிழமைக்குள் மாமி படத்தோடு கதைக்கிறார் என்று ஊர் கதைத்தது. இரண்டு கிழமையில் மாமி படத்துக்கு ஸலாம் சொல்லுகிறார் என்று ஆனது. கடிதம் எழுதியது யாரென்று தெரியாது, செய்தி கடல் தாண்டி மூத்த மச்சானிடம் போய்விட்டது.

மூத்த மச்சான் மாமியின் மூத்த மகன். அரபு நாட்டில் வேலை. லீவில் வந்தார், எனக்கு ஒரு கைக்கடிகாரமும் கொண்டுவந்தார். நல்ல மனிதர், சத்தம்போட்டுக் கதைக்கத் தெரியாதவர். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில் என் தோளில் கை போட்டார்.

"மச்சான், கோவிக்கப்படா. உருவப் படம் இரிக்கிற வீட்டுக்கு ரஹ்மத்துட மலக்குமார் வரமாட்டாங்க. தங்கச்சி வேற புள்ளத்தாச்சி. உம்மாவும் அந்தப் படத்தோட என்னமோ கதைக்கிறாவாம். எனக்கு மனசு சரியில்ல."

மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அருள் கொண்டுவரும் வானவர்கள் வரமாட்டார்களே என்று அவர் சொன்னதில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. நான் என்ன சொல்ல? உங்கள் உம்மா படத்தோடு கதைக்கவில்லை, என்னோடுதான் கதைக்கிறார் என்று ஒரு வசனத்தில் வழக்கை முடித்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் மாமி மருமகனோடு கதைத்தவராகிவிடுவார். சொன்ன அந்த நிமிடத்தோடு திரைக்குள்ளிருந்து குரல் வருவது நின்றுவிடும். படத்தைக் கழற்றிவிட்டாலும் நின்றுவிடும். எப்படிப் பார்த்தாலும் நான் பழையபடி உப்பில்லாத சோற்றுக்குத் திரும்ப வேண்டும். அந்த வீட்டில் என்னை யாரோ ஒருவராக ஆக்கியது அந்த மத்தியானங்கள்தான். அவை போய்விடுமென்ற பயத்தில் அன்று சோற்றைப் பாதியில் மூடிவைத்தேன். மூன்று நாள் மாமி படத்தோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

வழி சொன்னதும் மச்சான்தான். யாரோ ஒரு மௌலவியிடம் கேட்டிருக்கிறார். "தலை இல்லாட்டி அது உருவமில்லையாம். மரம் மட்டை மாதிரித்தானாம். தலைய மட்டும் எடுத்தாப் போதும் மச்சான். நீங்கதானே கலர் வேல தெரிஞ்ச ஆள்."

வெள்ளிக்கிழமை பின்னேரம், படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தேன். மச்சான் ஒரு பக்கம் குனிந்து நின்றார், மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம். திரை அசையாமல் தொங்கியது. ஆனால் அதற்குக் கீழே இரண்டு பாதம் தெரிந்தது. நீர்வர்ணத்தை எடுக்க ஒரே வழி, சுத்தமான தூரிகையை நனைத்து, அந்த இடத்தை மட்டும் ஈரமாக்கி, ஒற்றுத்தாளால் ஒற்றியெடுப்பது. ஒரு துளி கூடினால் வானம் கரைந்து ஆற்றில் ஓடும். நூறு வருடத் தாள், அழுத்தினால் பஞ்சாகிவிடும். பிஸ்மி சொல்லி நுனித் தூரிகையை வைத்தேன். வைத்தேன், ஒற்றினேன். திரும்ப வைத்தேன், ஒற்றினேன். மண்ணிறம் மெல்ல மெல்லக் கிளம்பி வந்தது. மூன்றாம் முறை தாளின் நார் எழும்புவது தெரிந்தது. அதற்கு மேல் கை போகவில்லை. தூரிகையைக் கீழே வைத்தேன்.

மூவரும் குனிந்து பார்த்தோம். தலை போய்விட்டதுதான். ஆனால் அது இருந்த இடத்தில் தாளின் வெள்ளை வெளியே வந்து, அழகாக வட்டமாக, சின்னதாக நின்றது. மண்ணிற உடம்புக்கு மேல் வெள்ளை வெளேரென்று ஒரு தொப்பி. பள்ளிவாசலுக்குப் போகிறவர் போல நின்றார் தோணிக்காரர். நூறு வருடமாக யாரோ ஒரு வெள்ளைக்காரரின் தோணியில் நின்ற மனிதரை நான் ஒரு பின்னேரத்தில் நம்மாளாக்கிவிட்டேன்.

மனைவிதான் முதலில் சிரித்தாள். அவள் விளக்கிச் சொல்ல, திரை இலேசாக விலகியது. ஒரு கண் அளவுக்குத்தான். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி குரல் வந்தது.

"தோணிக்காரர் தொப்பி போட்டுட்டார். மஃரிபுக்கு வாங்கு சொல்லப் போறாங்க. தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுத் தொழப் போகட்டும்."

மச்சான் திரையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் காது சூடாகிப் போயிருந்தது, அதைக் கண்டிருப்பார். அவருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தலை இல்லத்தானே. அப்ப சரி" என்றார். லீவு முடிந்து போகும் நாளில், பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு படத்துக்கு முன் ஒரு நிமிடம் நின்றார். "தோணிக்காரர், உம்மாவப் பாத்துக்கங்க" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "ஓம்" என்று தோணிக்காரருக்காகச் சொன்னேன்.

அதன்பின் இருபது வருடத்துக்குச் சற்றுக் குறைவாக அந்தக் கதை நடந்தது. மகள் பிறந்தாள், நடந்தாள், திரைக்கும் மேசைக்கும் நடுவில் ஓடித் திரிந்தாள். தூது போக அவள் இருந்தும் மாமி தோணிக்காரரை விடவில்லை. சண்டைக் காலத்தில் வீதி மூடிய நாட்களில், நான் அலுவலகம் போக முடியாமல் வீட்டில் முடங்கிய நாட்களில், "தோணி இண்டைக்குக் கட்டித்தான் கிடக்கோ" என்ற குரல் எத்தனை ஆறுதல் என்று சொன்னால் உங்களுக்கு விளங்குமோ தெரியாது. எனக்கு முன்மயிர் கொட்டத் தொடங்கியபோது, "தோணிக்காரர் தொப்பிய மறக்காமப் போடட்டும், வெளிச்சம் கண்ணக் கூசுது" என்றார். அலுவலகத்தில் என்னைக் கேலி செய்தவர்கள் பல பேர். இவ்வளவு அன்பாக ஒருவரும் செய்ததில்லை.

சுனாமியாகக் கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் எல்லோரும் சம்மாந்துறையில் ஒரு சொந்தக்காரரின் கலியாண வீட்டில் இருந்தோம். அதனால் இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். அடுத்த நாள் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். கிணறு இருந்தது, அதற்குள் மண். வாசற்படி இருந்தது. வீடு இல்லை. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், யார் யார் இல்லை என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அடுத்த வளவுச் சாச்சியும் இல்லை என்பதை மட்டும் சொல்லுகிறேன். அந்த நேரத்தில் படத்தின் நினைவே எனக்கு வரவில்லை. வந்திருந்தால் வெட்கப்பட்டிருப்பேன்.

சம்மாந்துறையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எங்களை இருத்தினார்கள். திரையில்லை, மறைவுக்கு ஒரு கதவுமில்லை. நான் உள்ளே வந்தால் மாமி முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்துகொள்வார். இரண்டு நாள் அப்படியே. மூன்றாம் நாள் மனைவி, ராத்தாவின் வீட்டாரைப் பற்றி விசாரிக்க மகளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மத்தியானம் யாரோ பிள்ளைகள் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் அதை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. மாமி சுவரிலிருந்து திரும்பினார். முக்காட்டை விலக்கினார். என் முகத்தைப் பார்த்தார்.

"மகன், சாப்பிடுங்க" என்றார்.

நான் அழுதேன். ஊர் போனதற்கும் வீடு போனதற்கும் அதுவரை வராத அழுகை அது. பிறகு "நீங்களும் சாப்பிடுங்க மாமி" என்றேன். அவர் முகத்துக்கு நேரே மாமி என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவர் மறைந்து நிற்கவில்லை. புதிய வீட்டில் ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் கதவு வைக்கும்போது திரை வேண்டாமென்றார். ஒன்பது வருடம் என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். "மகன், மருந்து குடிச்சீங்களா?", "மகன், மழை வருது, குடையக் கொண்டுபோங்க", "மகன், லைட் பில் வந்திரிக்கி." நான் பெற்ற பாக்கியம் இது. மாமி மகனென்று கூப்பிட்ட மருமகன் எங்கள் ஒழுங்கையில் நான் ஒருவன்தான். ராத்தாவின் மாப்பிள்ளைக்குக்கூட அது கிடைக்கவில்லை.

இப்போது பிள்ளைகள் மாமிமாரோடு சோபாவில் பக்கத்தில் இருந்து நாடகம் பார்க்கிறார்கள். என் மகளின் மாப்பிள்ளை லண்டனிலிருந்து கூப்பிட்டு என் மனைவியிடம் கோழி ஆணத்துக்குப் பக்குவம் கேட்கிறார். நல்லதுதான். எனக்குப் பொறாமை என்று நினைக்காதீர்கள், கொஞ்சம்தான்.

கடைசிக் கிழமையில் மாமி கட்டிலில் கிடந்தபடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார், எங்கள் வழக்கம் அது. என்னைக் கூப்பிட்டபோது கையைப் பிடித்துக்கொண்டார். "மகன், என்னில ஏதும் கொறை இரிந்தாச் சொல்லுங்க. மனசில வெச்சிக்கப்படா" என்றார்.

ஒரு குறை இருந்தது. அந்த ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவர் என்னைக் கேலி செய்யவில்லை. வளையல் விழுந்த கதையைத் திரும்பச் சொல்லவில்லை. மகனென்று ஆன பிறகு என்னிடம் சொல்ல மருந்தும் குடையும் மழையும்தான் அவருக்கு இருந்தது. மற்றதையெல்லாம் அவர் சொன்னது வேறொருவரிடம்.

"ஒண்டுமில்ல மாமி" என்றேன்.